ஊர்நீரை ஊரே ஆய்ந்தறிக!

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கக் கூசியே வளர்ந்தனர். அவர்தம் பற்களில் முதலில் சுண்ணம் போன்ற வெண்திட்டுகள் தோன்றின. பின்னர் மஞ்சளும் பழுப்புமாய்க் கறை ஏறிற்று. சாம்பலிட்டுத் தேய்த்தனர், வேப்பங்குச்சி கொண்டு தேய்த்தனர், கறை போகவில்லை. பல் துலக்காச் சோம்பர்கள் என்று பிற ஊரார் எள்ளினர். குடிவழியாக வந்த குறையென்று தம் ஊராரே நொந்துகொண்டனர். குறை பல்லிலும் இல்லை, குடிவழியிலும் இல்லை, குடித்த நீரில் இருந்தது. அந்நீரில் என்ன கலந்திருக்கின்றது என்று எவரும் அளந்து பார்க்குமுன்னரே பிள்ளைகளின் பற்கள் அளந்து காட்டிவிட்டன!

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் நீர்நிலை இன்றும் பெரும்பாலும் இத்தகையதே. கிணற்று நீரை ஆய்வுக்கூடத்தில் ஆய்வதற்கு மாறாக, அதனைக் குடிக்கும் குழந்தையின் உடலில் ஆய்வதே வழக்கமாகிவிட்டது. பல்லில் கறை படிந்தால் நீரில் புளூரைடு மிகுதி என்று அறிவது. ஊரில் பாதிப் பேர் வயிற்றுப்போக்கால் வீழ்ந்தால் குழாயில் சாக்கடை கலந்தது என்று அறிவது. தென்னங்குருத்துக் கருகினால் ஆற்றில் சாயம் வந்தது என்று அறிவது! முடிவு தெரிய வரும்பொழுது கேடு முற்றிவிடுகின்றது. அறிவியல் வளர்ந்த காலத்தில், சில உருபாச் செலவில் சில மணி நேரத்தில் தெரிந்துகொள்ளத்தக்க ஒன்றை, பல்லையும் எலும்பையும் பயிரையும் விலையாகக் கொடுத்துத் தெரிந்துகொள்ளும் மக்களை என்னென்று சொல்வது? இக்கொடுமை நீங்க வேண்டுமாயின் ஊர்நீரை ஊரே ஆய்ந்தறிதல் வேண்டும். ஆய்வின் முடிவை ஊரார் தம் தாய்மொழியில் படித்துணர்தலும் வேண்டும்.

"தெளிந்த நீர்தானே, குடித்தால் என்ன?" என்று கேட்பவர் உளர். தெளிவு வேறு, தூய்மை வேறு. பழந்தமிழர் கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளியவைத்தனர். குடிநீருக்கென்று தனி ஊருணி வைத்து, அதில் குளிப்பதையும் துவைப்பதையும் மாடு இறங்குவதையும் தடுத்தனர். அவர்கள் காலத்துக் கேடு கண்ணுக்குத் தெரிந்த கேடு. அதற்கேற்ற காவலை அவர்கள் வகுத்தனர். இக்காலத்துக் கேடுகளோ நிறமில்லாதவை, மணமில்லாதவை, பெரும்பாலும் சுவையுமில்லாதவை. புளூரைடு மிக்க நீரும் பளிங்கு போலவே இருக்கும். நைட்ரேட்டு மிக்க நீரும் இனிப்பாகவே தோன்றும். கொதிக்க வைத்தால் நோய் நுண்ணுயிர்கள் சாகும் என்பது உண்மை. ஆனால் இவ்வுப்புகள் சாவன அல்ல. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் அவை முன்னினும் மிகும். ஆகவே கண்ணையும் நாவையும் நம்பியிருந்த காலம் போயிற்று. இனி நீரை அளந்துதான் அறிய வேண்டும்.

புளூரைடு எங்கிருந்து வருகின்றது? எவரும் கொண்டுவந்து கொட்டியதன்று. தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம் பகுதிகளில் மண்ணுக்கடியில் கிடக்கும் கடும்பாறைகளிலேயே அது உள்ளது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதனைக் கரைத்துக்கொள்கின்றது. மழைநீர் ஊறிய மேற்கிணறுகள் வற்ற, உழவர் ஆழ்துளைக் கிணறுகளை மேலும் மேலும் ஆழமாக இறக்க, நெடுநாள் பாறையில் ஊறிய பழநீர் மேலே வருகின்றது. குடிநீரில் இலிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளூரைடு இருக்கலாம் என்றும், வேறு நீரே இல்லையெனில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிறுவனம் வரையறுத்துள்ளது. அதனை மீறிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல் கெடும், மிகுதியாகவும் நெடுங்காலமும் குடித்தால் எலும்பு இறுகும், கழுத்துத் திரும்பாது, முதுகு வளையாது, நிமிர்ந்து நின்று உழுதவன் கோலூன்றிக் கூனி நடப்பான்.

இந்நோய் நேற்று அறிந்ததன்று. 1937-ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இதனைக் கண்டறிந்து மருத்துவ ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டுவிட்டனர். தருமபுரி, கிருட்டிணகிரி மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-இல். இடையில் கழிந்தவை 76 ஆண்டுகள்! அறிவு இருந்தது, நூலில் இருந்தது. ஆனால் அந்தந்த ஊரின் கிணற்றுக்கு உரிய எண், அந்தந்த ஊராரின் கையில் இல்லை. எண் கையில் இருந்திருந்தால், நோயைக் குடிவழிக் குறையென்று எண்ணி வாய்மூடிக் கிடந்திருப்பரோ? இன்றும் கூட்டுக் குடிநீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிப்போர் தம் கிணற்றின் எண்ணை அறிந்திருத்தல் உயிர்த்தேவையாகும்.

பாறை தரும் கேடு இஃதாயின், உழவன் கையாலேயே விளையும் கேடும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் அறமன்று. வயலில் யூரியாவை வாரி இறைத்தால் பயிர் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எஞ்சியது நைட்ரேட்டாக மாறிப் பாய்ச்சும் நீரோடும் பெய்யும் மழையோடும் கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேரும். கிணற்றோரத்து எருக்குழியும், உறை சரியாக இறக்காத மலக்குழியும் இதனையே செய்கின்றன. குடிநீரில் நைட்ரேட்டு இலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. இதற்கு எத்தகைய விலக்கும் இல்லை. மீறிய நீரில் பால்மாவு கரைத்துப் புகட்டினால், சில திங்களே நிரம்பிய பச்சிளங்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாய்வதுண்டு. விளைச்சல் பெருக வேண்டுமென்று பிள்ளைக்காகவே உழைக்கும் தந்தை, தான் இட்ட மிகையுரத்தாலேயே அப்பிள்ளையின் குடிநீரைக் கெடுக்கின்றான் என்றால், அஃது அறியாமையன்றிக் கயமையன்று. அறியாமையைப் போக்கும் மருந்து மண்ணாய்வும் நீராய்வுமே. மண்ணுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே உரமிட்டால் செலவும் குறையும், கிணறும் பிழைக்கும்.

மூன்றாவது கேடு மாந்தக் கழிவு. 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடித்துவந்த மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கிடந்தது. தொட்டி மீதேறிப் பார்த்தது எப்பொழுது? குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்ற பின்னர்! அக்கொடுமையை எண்ணுந்தோறும் தமிழர் என்று சொல்லிக்கொள்வோர் தலை தாழ வேண்டும். அதனோடு மற்றொன்றையும் எண்ண வேண்டும். நாடெங்கும் எத்தனையோ தொட்டிகளிலும் குழாய்களிலும் எவரும் வேண்டுமென்று கலக்காமலே, உடைந்த குழாய் வழியாகவும், சாக்கடையில் மூழ்கிய இணைப்பு வழியாகவும், மூடியில்லாத் தொட்டி வழியாகவும் அதே கழிவு கலந்துகொண்டிருக்கின்றது. அவற்றையும் குழந்தைகளின் வயிறே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமா?

இதனைக் கண்டறியும் வழி அரிதன்று. 1982-ஆம் ஆண்டிலேயே இந்திய ஆய்வாளர் மூவர் எளியதொரு முறையை உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் வெளியிட்டனர். மருந்து தோய்த்த தாள் இட்ட சிறு குப்பியில் குறித்த அளவு நீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரவு வைத்தால் போதும். விடிந்ததும் நீர் கறுத்திருந்தால் அதில் மலக்கழிவு கலந்திருக்கின்றது என்று ஐயுற வேண்டும். உடனே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்ய வேண்டும். எழுத்தறியாத தாயும் கறுப்பு எது, வெளுப்பு எது என்று அறிவாள்.

குடிநீர் மட்டுமன்று, பாசன நீரும் ஆயத்தக்கதே. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வரையறைப்படி, கரைந்த உப்பு இலிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைந்த நீரை எப்பயிருக்கும் தயங்காமல் பாய்ச்சலாம். 2000 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பாய்ச்சினால் பெரும்பாலான பயிர்கள் தாங்கா. மண் வெளுத்து உப்புப் பூத்த பின்னர் நிலத்தை மீட்பது கடினம். பாய்ச்சுமுன் நீரை அளப்பது எளிது. பாலாற்றங்கரை உழவரும் நொய்யலாற்றங்கரை உழவரும் இவ்வுண்மையைத் தம் நிலத்தை இழந்தே கற்றனர்.

ஆயினும் அவ்விரு கரைகளிலிருந்தும் தமிழர் கற்க வேண்டிய பாடம் பிறிதொன்றும் உண்டு. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிலகங்களின் கழிவுநீரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28-ஆம் நாள் இந்திய உச்ச அறமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன்னே காக்க வேண்டும் என்னும் நெறிகளை இந்நாட்டுச் சட்டமாக்கிய பெருந்தீர்ப்பு அது. அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட சான்றுகள் யாவை? தோல் தொழிலகங்கள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ வேளாண்மைக்குத் தகுதியிழந்தது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நடுவம் கணக்கிட்டிருந்தது. திண்டுக்கல் பகுதியின் 13 சிற்றூர்களில் தொண்டமைப்பு ஒன்று கிணறு கிணறாகச் சென்று கணக்கெடுத்தபொழுது, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. அழுகையும் முறையீடும் மட்டுமே கொண்டு சென்றிருந்தால் மன்றம் இரங்கியிருக்கலாம், அவ்வளவே. 467-இல் 350 என்னும் எண்ணைக் கொண்டு சென்றதால் எதிராளியின் வாய் அடைபட்டது.

நொய்யலின் கதையும் இதுவே. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் அவ்வாற்றின் குறுக்கே, பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை எழுப்பினர். 1992-இல் முடிந்த அவ்வணையில் சாயக்கழிவு தேங்கிற்று. எவருக்காக அணை கட்டப்பட்டதோ அவ்வுழவரே, "நீரைத் தேக்காதீர்" என்று வேண்டும் நிலை வந்தது. உலகில் எந்நாட்டு உழவன் தன் அணை வெறுமையாய் இருக்க வேண்டுமென்று வேண்டியிருப்பான்? ஆயினும் அவர்கள் சோர்ந்திலர்; பாசன உழவர் ஒன்றுகூடி வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர் அறமன்றம், கழிவுநீரை ஒருசொட்டும் வெளியேற்றா நிலையை எய்தும் வரை திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. அப்பட்டறைகளில் உழைத்தவரும் ஏழைத் தமிழரே. அவர்தம் அடுப்பு அணைந்ததும் உண்மையே. தொடக்கத்திலேயே அளந்து தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் ஒரு தமிழனின் வயலும் கெட்டிராது. மற்றொரு தமிழனின் கூலியும் போயிராது. காலந்தாழ்ந்த ஆய்வு இருவரையும் கெடுத்தது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 முதல் இயங்கி வருகின்றது. மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் வைத்திருக்கின்றது. ஒவ்வொரு குடிநீர் ஊற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை உப்புகளுக்காகவும், இருமுறை நோய் நுண்ணுயிர்களுக்காகவும் ஆய வேண்டுமென்று விதி இருக்கின்றது. 2019-இல் நடுவணரசு தொடங்கிய வீட்டுக் குழாய்த் திட்டம், ஊருக்கு ஐந்து பெண்டிர்க்குப் பயிற்சியளித்து ஆய்வுப்பெட்டி வழங்குவதையும் ஒரு கூறாகக் கொண்டது. நல்லதே. ஆனால் அத்திட்டத்துக்குச் 'சல் சீவன்' என்று பெயர்! தன் வீட்டுக் குழாயின் பெயரே விளங்காத தமிழ்ப்பெண், அக்குழாய் நீரின் ஆய்வறிக்கையை யாங்ஙனம் விளங்கிக்கொள்வாள்? ஆய்வு நடக்கின்றது, முடிவு கணிப்பொறிக்குள் செல்கின்றது, ஆங்கில எழுத்தும் சுருக்கக் குறியீடுமாய் அங்கேயே உறங்குகின்றது. தன் கிணற்றின் எண் என்ன என்று ஊரில் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைப்பது அரிது. மருத்துவர் எழுதிய சீட்டை நோயாளி படிக்க இயலாதது போன்றதே இதுவும். எவர் குடிக்கின்றாரோ அவர்க்குப் புரியாத ஆய்வு, ஆய்வே செய்யாததற்கு ஒப்பாகும்.

நீர்க்காவலை மேலிருந்து வருவோரிடம் விட்டுவிட்டு வாளாவிருப்பது தமிழர் மரபன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரவையில் ஏரி வாரியம் என்று தனியொரு குழு இயங்கியதைக் கூறுகின்றன. ஏரியைக் காப்பவர் யார், எம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், கணக்குக் காட்டாதவர் நிலை என்ன என்பதையெல்லாம் கல்லில் வெட்டி ஊர் நடுவே வைத்தனர். எழுதி ஊர் நடுவே வைத்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. அக்கல் தமிழில் இருந்தது. ஊரார் படிக்க இருந்தது.

அவ்வழியில் இன்று செய்யத்தக்கவை சில. ஊரிலுள்ள குடிநீர்க் கிணறு, ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத்தொட்டி, அடிகுழாய் அனைத்துக்கும் எண்ணிட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். ஊர்த்தெருவுக்கு ஒரு தொட்டியும் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கு வேறொரு தொட்டியும் உள்ள இடங்களில், ஒன்றை ஆய்ந்து மற்றொன்றை விடுதல் கூடாது. சாதி பார்த்து நீராய்வு செய்யும் ஊர் எந்நாளும் உருப்படாது. மழைக்கு முன்னொரு முறையும் மழைக்குப் பின்னொரு முறையும் நீர் எடுக்க வேண்டும். குழாயைச் சில நிமையங்கள் ஓடவிட்டு, தூய ஏனத்தை அந்நீராலேயே மும்முறை அலசிப் பின்னரே நிரப்ப வேண்டும். இடம், நாள், கிணற்றின் ஆழம் ஆகியவற்றை மேலே எழுத வேண்டும். நுண்ணுயிர் ஆய்வுக்கு ஆய்வுக்கூடம் தரும் நுண்ணுயிர் நீக்கிய குப்பியிலேயே, அதனை அலசாமல் எடுத்து, பனிக்கட்டியிட்டு அன்றே சேர்ப்பிக்க வேண்டும். தொட்டி நீரில் குளோரின் இட்டால் கடைசி வீட்டுக் குழாயிலும் இலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்கின்றதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். மலக்குழியும் எருக்குழியும் கிணற்றுக்கு 50 அடிக்குள் வாராமல் காக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றி மேடை கட்டி, வழிந்த நீர் மீண்டும் உள்ளிறங்காமல் தடுக்க வேண்டும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்று. ஆய்வின் முடிவைத் தமிழில் பலகையில் எழுதி, நீர் பிடிக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். வெறும் எண் போதாது. அதன் பொருளும் வேண்டும். "இந்நீரில் புளூரைடு 2.4, எல்லை 1.5, குடிக்கவும் சமைக்கவும் கூடாது, குளிக்கவும் துவைக்கவும் கொள்ளலாம்" என்று எழுதினால் பள்ளிச் சிறுவனும் படித்துப் பாட்டிக்குச் சொல்வான். கெட்ட ஊற்றுக்குச் செந்நிறம் பூசுக. நல்ல ஊற்றுக்குப் பச்சை பூசுக. மாற்றுநீர் தரும் வரை ஊராட்சியையும் வாரியத்தையும் விடாது கேட்க அப்பலகையே சான்றாகும்.

"கிணறு கெட்டது என்று வெளியே தெரிந்தால் நிலம் விலைபோகாது, பெண்ணெடுக்க வாரார்" என்று அஞ்சி மறைப்போரும் உளர். அவ்வச்சம் பொய்யன்று, ஆயினும் மறைப்பதால் நீர் நல்லதாகிவிடுவதில்லை. மறைத்த ஊரின் பிள்ளைகளே பல்லைக் காட்ட நாணி நின்றனர். ஆலைக்காரனும் ஆட்சியாளனும் விரும்புவது இம்மறைப்பையே. எண் இல்லாத ஊரை எவனும் ஏமாற்றலாம்.

கிராமசபை என்று அரசு அழைக்கும் ஊரவை, உலக நீர்நாளான மார்ச்சு 22 உட்பட ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2022-இல் வகுக்கப்பட்டுள்ளது. வரும் மார்ச்சு 22 அன்று ஊர்தோறும் தமிழர் அவ்வவையில் எழுந்து ஒரே வினாவைக் கேட்க வேண்டும்: "எம் ஊர்நீரின் ஆய்வறிக்கை எங்கே? அதனைத் தமிழில் படித்துக் காட்டுக!" அறிக்கை இருந்தால் படிக்கட்டும், இல்லையென்றால், இல்லையென்பதையே தீர்மானமாக எழுதி, நீரெடுக்கும் நாளையும் ஆய்வோர் பெயரையும் அப்பொழுதே குறிக்கட்டும். பயிற்சி பெற்ற பெண்டிர் ஐவரும் ஆய்வுப்பெட்டியோடு அவை நடுவே வந்து, ஊரார் பார்க்க நீரை அளந்து காட்டட்டும். பிள்ளைகளின் பற்களைக் கொண்டு நீரை அளந்த இழிநிலை அன்றோடு ஒழியட்டும்!